ஊருணிக்குத் தளம் வேண்டாம், வரத்துக்காலுக்கு ஆள் வேண்டும்: பேரூராட்சிக்கும் ஊர்க் காரியக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலருக்கும், ஊருணிப் பொறுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கும் ஊர்க் காரியக்காரர்களுக்கும்,

சென்ற மன்றக் கூட்டத்தில் ஊருணியைப் பற்றி நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தைப் படித்தோம். அடியில் 15 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் தளம். மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வாய்க்கால்களான மேற்கு வரத்துக்காலையும் வடக்கு வரத்துக்காலையும் மூடி, மேலே பேவர் பிளாக் நடைபாதை. நடுவில் நீரூற்று, சுற்றிலும் வண்ண விளக்கு. தெற்குப் படித்துறைக்குக் கம்பிக் கதவு. காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டும் திறப்பு. இவ்வளவுக்கும் நிதி போதாது என்பதால் ஊருணிக் காவலாள் பணியை இந்த ஆண்டோடு நிறுத்துவது. கடைசியாக, திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு.

இந்தத் தீர்மானத்தை எங்களால் ஏற்க முடியாது. ஏன் முடியாது என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். இதை எழுதுகிறவர்களில் படிக்கல் கட்டிய கொத்தனார்கள் இருக்கிறார்கள், வரத்துக்கால் வெட்டியவர்கள் இருக்கிறார்கள், ஊருணிக்குக் கீழ்ப்புறம் கிணறு வைத்திருப்பவர்களும் நீர்மட்டம் பார்ப்பதைத் தொழிலாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் ஊருக்கு நல்லது செய்ய நினைக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஊருக்கு என்ன வேலை தேவைப்படுகிறது என்பதை, அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கேட்காமல் முடிவு செய்துவிட்டீர்கள் என்பதே எங்கள் முறையீடு.

ஊருணி எப்படி நிறைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. திட்ட மதிப்பீட்டில் சிமெண்டுக்குக் கணக்கு இருக்கிறது, தண்ணீருக்கு இல்லை.

நம் ஊருணி மேல்மட்டத்தில் 60 மீட்டருக்கு 60 மீட்டர். படி இறங்கிப் போனால் அடியில் 50க்கு 50. ஆழம் 3 மீட்டர். நிறைந்தால் சுமார் 91 லட்சம் லிட்டர் நிற்கும். சிவகங்கைச் சீமையில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். அப்படிப் பார்த்தால் ஊருணியின்மேல் நேராக விழுவது ஆண்டுக்கு 32 லட்சம் லிட்டர்தான். அதையும் வெயில் விட்டுவைப்பதில்லை. கோடையில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இழக்கிறது. ஆண்டு முழுவதற்கும் கூட்டினால் ஆவியாகிப் போவது நேராக விழும் மழையைவிட அதிகம். வற்றாத ஆறு எதுவும் ஓடாத இந்தப் பகுதியில் ஊருணியில் நிற்கும் தண்ணீர் எல்லாமே வரத்துக்கால் கொண்டுவந்து சேர்த்தது.

மூன்று வரத்துக்கால்களும் சேர்ந்து ஏறத்தாழ 30 ஏக்கர் மழையைக் கொண்டுவருகின்றன. செம்மண் பொட்டலில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலே 216 லட்சம் லிட்டர். ஊருணி இரண்டு முறை நிறைந்து, மிச்சம் கலுங்கு என்னும் உபரிநீர் வாய் வழியாகக் கண்மாய்க்கு இறங்கும். பழைய வீடுகளின் வளவு முற்றங்களில் விழுந்த மழையும் கல்வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து இதே கால்களில்தான் சேர்ந்தது. இந்த 30 ஏக்கரில் 20 ஏக்கர் மேற்குக் காலுக்கும் வடக்குக் காலுக்கும் உரியது. அவற்றை மூடினால் மிஞ்சுவது கிழக்குக் காலின் 10 ஏக்கர். அது நல்ல மழை ஆண்டில் 72 லட்சம் லிட்டர் தரலாம். அதுவும் ஒரே நாளில் வருவதில்லை. ஆவணியில் கொஞ்சம், ஐப்பசியில் கொஞ்சம் என்று வந்து, வரும்போதே ஆவியாகிக்கொண்டும் கசிந்துகொண்டும் இருக்கும். ஆக, இந்தத் தீர்மானப்படி வேலை முடிந்த நாளிலிருந்து நம் ஊருணி ஒருபோதும் நிறையாது. நடுவில் வைக்கும் நீரூற்றுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்ற வேண்டிவரும்.

மேற்கிலும் வடக்கிலும் சாக்கடை வருகிறது, அதனால் மூடுகிறோம் என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். சாக்கடை வருவது உண்மை. எங்கிருந்து வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். சில வீடுகளின் செப்டிக் டேங்க் வெளிக்குழாய் நேராகக் காலுக்குள் இறங்குகிறது. கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுத் தண்ணீரும் அங்கேயே வருகிறது. செய்ய வேண்டியது குழாயை அடைப்பது. நீங்கள் அடைக்கப்போவது கால்வாயை. வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி போதும்: ஒரு மீட்டர் விட்டம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழம், உள்ளே உடைகல், கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி. இடமில்லாத வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு குழி வெட்டலாம். மண்டபத்துக்கு, எண்ணெய் மேலே மிதந்து தங்கும்படி இரண்டு அறை கொண்ட தொட்டி கட்டச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை எண்ணெயை வழித்தெடுத்தால்தான் அதன் உறிஞ்சுகுழி அடைக்காமல் இருக்கும். இதற்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் பேரூராட்சிக்கு இருக்கிறது. கொடுத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்வதும் பதவியின் வேலைதான்.

இதில் இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். கழிவு கலந்த வரத்துக்காலைத் தூர்வாரும் ஆள் அதற்குள் இறங்கித்தான் வாருகிறார். கையுறையும் பூட்சும் இல்லாமல்தான் இதுவரை இறங்கினார்கள். செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. அந்தக் கழிவையே திறந்த காலில் விட்டுவிட்டு அதில் ஆளை இறக்குவது எப்படிச் சரியாகும்? குழாயை அடைக்கச் சொல்லத் தயங்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சுமை அவர்மேல்தான் விழுகிறது. தலைமை யாருக்காக இருக்கிறது என்பதை நாங்கள் இந்த இடத்தில்தான் பார்க்கிறோம்.

மேற்குக் காலில் தண்ணீர் குறைந்ததற்குச் சாக்கடை மட்டும் காரணமில்லை. அந்தக் கால் 300 மீட்டர் நீளம். வாட்டம் 500க்கு 1. அதாவது தலையிலிருந்து வாய் வரைக்கும் மொத்தம் 60 சென்டிமீட்டர்தான் இறக்கம். தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டபோது பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். குறுக்கே இருந்த கல்பாலத்தை எடுத்துவிட்டு 30 சென்டிமீட்டர் குழாய் பதித்தார்கள். அந்தக் குழாயின் அடிமட்டம் பழைய தரையைவிட 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. மொத்த இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே இடத்தில் போயிற்று. மழை பெய்தால் தண்ணீர் குழாய்க்கு முன்னால் தேங்கி, தெருவில் புரண்டு, தாழ்ந்த வீடுகளுக்குள் நுழைகிறது. தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துக் கொத்தனார் ஒருவர் அரை நாளில் இந்த மட்டக் குறையைக் காட்டிவிடுவார். வேலை நடந்தபோது அப்படி யாரும் மட்டம் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொல்லி நிற்பதற்கு மன்றத்திலிருந்தும் ஒருவர் வரவில்லை.

அடுத்தது கான்கிரீட் தளம். 2,500 சதுர மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 375 கன மீட்டர். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் ஏறத்தாழ 2,400 மூட்டை சிமெண்ட். இதைப் போடுவதால் மூன்று கெடுதல்கள் வரும்.

முதலாவது, தளம் தூக்கிக்கொள்ளும். 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டின் எடை 36 சென்டிமீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். ஊருணி காலியாகவோ அரைகுறையாகவோ இருக்கும்போது நல்ல மழை பெய்து, சுற்றியுள்ள நிலத்தடி நீர், தளத்தின் அடிமட்டத்துக்கு மேல் உள்ளே நிற்பதைவிட 36 சென்டிமீட்டர் கூடுதலாக ஏறினால் போதும், தளம் அடியிலிருந்து தள்ளப்பட்டு விரியும். விரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். மண் அரித்துக்கொண்டு போகும். அடுத்த ஆண்டு பொத்தல் விழும். மூன்று மீட்டர் ஆழத்தில், இரண்டு கால்களை இழந்து பாதிக் காலியாகக் கிடக்கப்போகும் ஊருணிக்கு இது நிச்சயம் நடக்கும்.

இரண்டாவது, கிணறுகள். ஊருணியின் பக்கச்சுவர் செம்புறாங்கல்லைச் சுண்ணாம்போ சிமெண்டோ பூசாமல் அடுக்கியது. அந்த இடுக்குகள் வழியாகத் தண்ணீர் மெதுவாகப் பக்கத்து மண்ணுக்குள் போய்க் கீழ்ப்புறக் கிணறுகளுக்குச் சேர்கிறது. தளத்தைச் சுவரோடு இணைக்க வேண்டும் என்பதால் சுவரையும் பூசுவீர்கள். மதிப்பீட்டில் அதற்கும் தொகை இருக்கிறது. பூசிய அடுத்த கோடையில் கிணற்று நீர் இறங்கும், உவர்ப்பு ஏறும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் அந்தக் கிணறுகளை நம்பித்தான் கீழத்தெருவும் காலனியும் இருக்கின்றன.

மூன்றாவதை நேராகவே பார்க்கலாம்: கான்கிரீட் தொட்டியில் தேங்கிய தண்ணீர் சூடேறிப் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அடிமண்ணும் அதில் வேரூன்றும் செடிகளும் இல்லாமல் நீர் தெளிவதில்லை. தளத்தைப் போட்டுவிட்டுப் பிறகு மருந்து ஊற்றுவதற்கு ஒரு செலவு எழுதுவீர்கள்.

"அப்படியானால் ஏன் மாசியிலேயே வற்றிவிடுகிறது?" என்று மன்றத்தில் ஒருவர் கேட்டதாக அறிகிறோம். நல்ல கேள்வி. அதற்கு விடை ஊருணியின் அடியில் கிடக்கிறது. முன்பு ஒருமுறை தூர்வார ஜேசிபியை இறக்கியபோது, ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று நினைத்து அடிக்களிமண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள். வண்டல் என்பது மேலே படியும் கறுப்பு மண். மண்வெட்டியில் ஒட்டாமல் உதிரும். அதற்குக் கீழே இருக்கும் களி வேறு. அதுதான் தண்ணீரைப் பிடித்து வைப்பது. களியைத் தாண்டிச் சரளை தெரிந்துவிட்டால் தண்ணீர் நிற்காது. தென்மேற்கு மூலையில் சரளை இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது.

இதைச் சரிசெய்யும் முறை பழையது, செலவும் குறைவு. முதலில், படிந்திருக்கும் 30 சென்டிமீட்டர் வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். அது 750 கன மீட்டர், நம் கணக்கில் சொன்னால் 265 யூனிட். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் அதை வயலுக்கு அடித்துக்கொள்வார்கள். அள்ளும் கூலியின் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும். ஜேசிபியை இறக்குவதானால் நான்கு மூலையிலும் நடுவிலும் முதலில் கையால் குழி வெட்டிக் களிமட்டத்தைப் பார்த்து, முளைக்குச்சி அடித்து, அதற்குக் கீழே வாளி இறங்கக் கூடாது என்று ஓட்டுநரிடம் சொல்லி, பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். பிறகு சரளை தெரியும் இடங்களில் களிமண் போட வேண்டும். ஈரக் களியைக் கையில் உருட்டினால் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு முறியாமல் திரி வரவேண்டும்; வராத மண்ணைத் திருப்பி அனுப்பிவிடலாம். 15 சென்டிமீட்டராக இரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் ஈரம் காயுமுன் உருளை போட்டு இறுக்க வேண்டும். மொத்தமாக 30 சென்டிமீட்டரைக் கொட்டிவிட்டு மேலே மட்டும் உருட்டினால் அடி இளகியே கிடக்கும். ஆட்டுமந்தையைப் பட்டி போட்டு மிதிக்கவிடுவதும் உருளைக்கு ஈடான வேலையைச் செய்யும். இவையெல்லாம் சித்திரை, வைகாசிக்குள் முடிய வேண்டிய வேலைகள். ஆடிக்குப் பிறகு தொடங்கினால் முதல் மழையே களியைக் கலக்கிவிடும்.

இப்போது காவலாளைப் பற்றி. தீர்மானத்தில் எங்களை மிகவும் வருத்தியது இந்தப் பகுதி.

காவலாள் கரையில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்து அந்தப் பணியை நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் செய்வது என்னவென்று எழுதுகிறோம். கோடைக்குப் பிறகு வரும் முதல் இரண்டு மழையின் தண்ணீரை ஊருணிக்குள் விடக் கூடாது. மாட்டுச்சாணம், பிளாஸ்டிக், தெரு எண்ணெய், செத்த எலி எல்லாம் அதில்தான் வரும். மடைவாயில் பலகையைச் சொருகி அந்தத் தண்ணீரைப் பக்கவாய்க்காலுக்குத் திருப்ப வேண்டும். நீர் தெளிந்து வரத் தொடங்கியதும் பலகையைத் தூக்க வேண்டும். மழை பெரும்பாலும் இரவில் வரும். இரவு இரண்டு மணிக்கு இடி இடிக்கும்போது எழுந்து, டார்ச்சோடு மூன்று மடைக்கும் போகிற ஆள் அவர். ஒருமுறை தூங்கிவிட்டால் அந்த ஆண்டுத் தண்ணீர் முழுவதும் கெட்டது. சரியான நேரத்தில் தூக்க மறந்தால் நல்ல தண்ணீர் வீணாகக் கண்மாய்க்குப் போகும். இந்த வேலையை வண்ண விளக்கோ கேமராவோ செய்யாது.

மடைக்கு முன்னால் இருக்கும் மண்தொட்டியை ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் அவர்தான் வாருகிறார். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். நிறைந்தால் மூன்று கன மீட்டர் மண். வாராவிட்டால் அடுத்த மழையின் மண் நேராக ஊருணிக்குள் போகும். கலுங்கில் செத்தை அடைத்தால் தண்ணீர் கரைக்கு மேல் ஏறி வடகிழக்கு மூலையை உடைக்கும். அங்கேதான் கரை மெலிந்திருக்கிறது. கரையில் எலிவளை, நண்டுவளை பார்த்துக் களி வைத்து இடிப்பது, ஆலஞ்செடி கல்லிடுக்கில் வேர் விடும்போதே பிடுங்குவது, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது, படித்துறையில் சோப்புப் போட்டுத் துவைக்க வருபவர்களைக் குளிக்கும் ஊருணிக்கு அனுப்புவது, இவ்வளவும் அந்த ஒருவரின் வேலை. ஊருணியில் மீன் குத்தகை விட்ட ஆண்டு, குத்தகைதாரர் இரவில் கோழிக்கழிவு கொட்டியதைக் கண்டுபிடித்து நிறுத்தியதும் அவர்தான். ஊரில் ஊருணிக்காக உண்மையிலேயே பணி செய்கிற ஒரே ஆளை நிறுத்திவிட்டு, அந்தச் சம்பளத்தை விளக்கின் மின்கட்டணத்துக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள்.

பெரியவர்களே, இந்தச் சீமைக்குக் கொடை புதிதல்ல. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. காரைக்குடிப் பக்கத்தில் இதை அறியாதவர் இல்லை. நம் ஊருணியும் யாரோ ஒருவருடைய கொடையில் வெட்டப்பட்டதுதான். ஆனால் வெட்டியவரின் கொடை மட்டும் ஊருணியைத் தலைமுறை தலைமுறையாக நிறைத்து வைக்கவில்லை. வெட்டிய பிறகு ஆண்டுதோறும் முறை போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வியாபார வரவில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு மகமையாக ஒதுக்கினார்கள். கோயில் காரியங்களுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளிவரி கொடுத்தார்கள். முறை முடியும்போது ஐந்தொகை, அதாவது வரவுசெலவு இருப்புக் கணக்கு, போட்டுக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கைமாற்றினார்கள். முறைகாரர் பெரிய ஆளாகவே இருப்பார். ஆனாலும் அவர் முறை நடக்கும் ஆண்டில் கணக்கும் காரியமும் தவறினால் எல்லோரும் கேட்கலாம்.

அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டோம். ஊர்த் தண்ணீரில் எல்லோரும் கைவைக்க முடியாத காலமும் அதுதான். தெற்குப் படித்துறை எல்லோருக்குமானதாக ஆனது தானாக நடந்ததல்ல. கேட்டுப் பெற்ற உரிமை. அந்தப் படித்துறைக்குத்தான் இப்போது கம்பிக் கதவு போடுகிறீர்கள். காலையில் நடைப்பயிற்சிக்கும் மாலையில் விளக்குக்கும் திறந்து, நடுவில் பூட்டினால், பகலில் மாடு கொண்டுவருகிறவர்களும் வேலைவிட்டு வந்து குடம் எடுக்கிறவர்களும் எங்கே போவார்கள்? படித்துறையில் யார் எந்த நேரம் இறங்குகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்திருந்தால் இந்தக் கதவு மதிப்பீட்டிலேயே வந்திருக்காது. பாதுகாப்புக்காக என்றால், குழந்தைகள் விழாமல் இருக்க ஆழமான வடக்குப் பக்கத்தில் இடுப்பளவு சுவர் போதும்.

தலைமைக்குப் பணி என்றால் என்ன என்று கேட்டால் எங்களுக்குத் தெரிந்த அளவில் இதுதான்: தண்ணீர் வரும் வழியை, வருவதற்கு முன்னால், காலால் நடந்து பார்ப்பது. புரட்டாசி முதல் வாரத்தில் மூன்று கால்களின் தலையிலிருந்து மடை வரை தலைவரும் உறுப்பினர்களும் காரியக்காரர்களும் நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகாது. எங்கே குழாய் நுழைந்திருக்கிறது, எங்கே கட்டிடக் கழிவு கொட்டியிருக்கிறது, எந்தப் பாலத்தில் மண் அடைத்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். சரிசெய்யவும் நாள் கிடைக்கும். மழை வந்த பிறகு நடந்தால் வெள்ளத்தைத்தான் பார்க்க முடியும். இதற்கு மேடை கிடையாது, செய்ததாகக் காட்ட ஒரு படமும் கிடைக்காது. அதனாலேயே அது ஒவ்வொரு ஆண்டும் தள்ளிப்போகிறது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

நடக்கும்போது ஆக்கிரமிப்பும் கண்ணில் படும். வடக்குக் காலின் அகலம், வருவாய்த் துறையின் நில அளவைப் படமான புலப்படத்தில் இருப்பதில் பாதிகூடத் தரையில் இல்லை. குளம் முதலான ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. அதே காலின்மேல் பேரூராட்சியே நடைபாதை போட்டுவிட்டால், பிறகு எந்த ஆக்கிரமிப்பாளரிடம் போய் நீங்கள் எடுக்கச் சொல்வீர்கள்?

எங்கள் கோரிக்கைகள் இவை.

கான்கிரீட் தளம், சுவர்ப்பூச்சு, நீரூற்று ஆகிய மூன்றையும் கைவிட்டு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானத்தைத் திருத்துங்கள். அந்தத் தொகையிலிருந்து முதலில் மேற்குத் தெருக் குழாயை எடுத்துவிட்டு, பழைய தரைமட்டத்தில், 90 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் பலகைப்பாலம் கட்டுங்கள். மட்டம் பிடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள்; எங்கள் கொத்தனார்கள் கூலி வாங்காமல் வந்து நிற்பார்கள்.

மேற்கு, வடக்கு வரத்துக்கால்களைத் திறந்தே வையுங்கள். அவற்றில் இறங்கும் ஒவ்வொரு கழிவுக்குழாய்க்கும் 30 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். வசதியில்லாத வீடுகளுக்கு உறிஞ்சுகுழியைப் பேரூராட்சியே வெட்டிக் கொடுக்கட்டும். மண்டபத்துக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

வருவாய்த் துறை அளவையரைக் கொண்டு மூன்று கால்களையும் புலப்படப்படி அளந்து கல் நடுங்கள்.

ஊருணிக் காவலாள் பணியை நிறுத்தாதீர்கள். மழை மாதங்களான ஐப்பசி முதல் மார்கழி வரை அவருக்கு ஒரு துணையாள் கொடுங்கள். பூட்ஸ், கையுறை, மழைக்கோட்டு, நல்ல டார்ச் வாங்கிக் கொடுங்கள். சம்பளம் மாதம் தவறாமல் போக வேண்டும். இப்போது போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

தெற்குப் படித்துறைக்குக் கதவு போடக் கூடாது.

காரியக்காரர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கல்வெட்டுக்கு ஒதுக்கிய இடத்தில் ஓர் அளவுகல் நடுங்கள். அடியிலிருந்து மேல்மட்டம் வரை பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கோடு போட்டு, மாதப் பிறப்பன்று காவலாள் அளவு படித்துப் பேரூராட்சிப் பலகையில் எழுதட்டும். ஊருணி வரவுசெலவின் ஐந்தொகையை ஆண்டுக்கொருமுறை, தை மாதத்தில், படித்துறையிலேயே எல்லோர் முன்னாலும் வாசியுங்கள்.

புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மேற்குக் காலின் தலைப்பில் நாங்கள் நிற்போம். தலைவரும் உறுப்பினர்களும் காரியக்காரர்களும் வந்து எங்களோடு மூன்று கால்களையும் நடந்து பார்க்க வேண்டும். வர முடியாதவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறோம்.

இந்த மடலுக்கு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, எழுத்து மூலம் பதில் வேண்டும். திட்ட மதிப்பீடு, அளவுப் புத்தகம், ஒப்பந்த நகல் ஆகியவற்றைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டம் 2005இன்படி மனுவும் இத்துடன் கொடுத்திருக்கிறோம். அதற்கு 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டியது சட்டம். அதுவரை ஊருணிக்குள் எந்த இயந்திரமும் இறங்காமல் வேலையை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஊருணித் தெற்குத் தெரு, கீழத்தெரு, காலனி வாசிகள், கீழ்ப்புறக் கிணற்றுப் பாசனக்காரர்கள், ஊர்க் கொத்தனார்கள்